மேற்கெல்லை

8 மே 2021, சனி

பரிசோதனை முடிவு வந்தது. தொற்று உறுதி. காய்ச்சல் முந்தாநாள் முதல் இருக்கிறது. நாவில் ருசி இல்லை. மூச்சில் குறை எதையும் இதுவரை உணரவில்லை. உணராததை இல்லை என்று எழுதக் கூடாது. ஆகவே "உணரவில்லை" என்றே எழுதுகிறேன்.

மாடி அறைக்கு மாறிக்கொண்டேன். சாப்பாட்டை வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, என் மனைவி பிரமநாயகி கதவைத் தட்டுகிறாள். "தட்டுன ஒடனே தொறக்காதீங்க. நான் கீழ எறங்குன பொறவு தொறங்க. மாஸ்க்க மூக்குக்கு மேல போடுங்க, தாடிக்கு இல்ல," என்று கதவுக்கு வெளியிலிருந்து உத்தரவு. முப்பத்தைந்து ஆண்டு மணவாழ்வில் அவளிடம் தடையாணை பெறுவது இது முதன்முறை அல்ல.

கோடை விடுமுறை, அதன்மேல் ஊரடங்கு. நீதிமன்றம் ஜூன் வரை இல்லை. ஜூனியர் ஜெசிந்தாவிடம் தொலைபேசியில் பேசினேன். ஜூன் 21 அன்று காணொலியில் வரவிருக்கும் செய்யதலி பாத்திமா வழக்கைப் பற்றித்தான் என் கவலை. "சார், ரெஸ்ட் எடுங்க சார். கேஸ் எங்கயும் ஓடிப்போவாது. கோர்ட்டே மூடிக் கெடக்கு," என்றாள்.

காய்ச்சலில் நினைவு தடுமாறலாம். ஆகவே வழக்கின் சாரத்தை இங்கே எழுதி வைக்கிறேன். மேலப்பாளையத்தில் எங்கள் கட்சிக்காரர் பாத்திமாவின் வீடு தெற்கே, உள்ளடங்கி இருக்கிறது. தெரு வடக்கே. இரண்டுக்கும் நடுவில் பிரதிவாதி ஆவுடையப்பனின் வீடு. பாத்திமா வீட்டின் மேற்குப் பக்கம் தொடங்கி, ஆவுடையப்பன் வீட்டின் மேற்கெல்லையை ஒட்டி, ஒரு முருங்கை மரத்தைக் கடந்து, தெருவுக்கு ஒரு சந்து போகிறது. பாத்திமாவுக்கு வெளியே வர அது ஒன்றே வழி. அந்தச் சந்தை மறித்துச் சுவர் எழுப்பப் பிரதிவாதி செங்கல் இறக்கிவிட்டார். வழக்கு முடியும்வரை சுவர் எழுப்பக் கூடாது என்பது எங்கள் தடை மனு. நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் இடத்தை அளந்து வரைபடம் தந்திருக்கிறார். சந்து அதில் தெளிவாக இருக்கிறது. நானும் போய்ப் பார்த்தேன். இடத்தைப் பாராமல் எந்த மனுவிலும் கையெழுத்திட்டதில்லை என்பதும், ஒரு முனையில் நின்று பார்த்ததை மறுமுனையில் நின்றும் பார்த்துவிடுவேன் என்பதும் என் தொழில் வழக்கம். ஜெசிந்தா இதை எண்ணிச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

ரசம் சூடாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல இயலவில்லை.

12 மே, புதன்

விரலில் மாட்டும் கருவி காட்டிய அளவு பிரமுவுக்குப் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. டைரியைப் பையில் வைக்கச் சொன்னேன். "இதுவா இப்ப முக்கியம்?" என்றாள். வைத்தாள்.

15 மே, சனி

ஆக்ஸிஜன் முகமூடி. எதிர்க்கட்டில் இன்று காலியாக இருக்கிறது. காரணம் கேட்கவில்லை.

20 மே, வியாழன்

சில நாட்களாக எழுதவில்லை. 17ஆம் தேதி எனக்கு ஒரு நிகழ்வு நேர்ந்ததாகச் சொல்கிறார்கள். நான் நேரில் அறிந்தது வேறு, பிறர் சொல்லக் கேட்டது வேறு. பிரித்து எழுதுகிறேன்.

நேரில் அறிந்தது: காலையில் எழுந்தேன். கட்டிலில் யாரோ ஒருவருடைய கை கிடந்தது. எடுக்கும்படி செவிலியரிடம் சொன்னேன்.

கேட்டது: கட்டிலின் இடப்பக்கமாகச் சரிந்து விழ இருந்தேனாம். வாய் கோணியிருந்ததாம். உடனே ஸ்கேன் எடுத்தார்களாம். உறக்கத்தில் நேர்ந்ததால் எந்த நேரத்தில் நேர்ந்தது என்று எவருக்கும் தெரியவில்லையாம். அதனால் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட இயலவில்லையாம்.

நரம்பியல் மருத்துவர் பெயர் நர்மதா. கவச உடையின் மார்பில் மார்க்கர் பேனாவால் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், முகத்தைக் கண்டதில்லை. அவர் சொன்னது இது.

"கொரோனா நுரையீரலோட நிக்கிறதில்ல சார். சில பேருக்கு ரத்தத்த உறைய வெச்சிருது. அப்படி ஒரு கட்டி போயி மூளைக்குப் போற குழாய அடச்சிருக்கு. வலப்பக்க மூளை. அதனால இடது கை கால் பலவீனம்."

"எனக்குப் பலவீனம் எதுவும் இல்லை டாக்டர்."

"சரி, இடது கையத் தூக்குங்க."

"தூக்கிவிட்டேன்."

"தூக்கலியே சார்."

"இது இரு தரப்புக் கூற்று," என்றேன். அவர் சிரித்தாரா என்று உடைக்குள் தெரியவில்லை.

பிறகு இன்னொன்றும் சொன்னார். என் கண்கள் நன்றாகவே இருக்கின்றனவாம். மூளைதான் இடப்பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லையாம். "எடுக்கலைங்கிறதும் உங்களுக்குத் தெரியாது. அதுதான் சிக்கல்," என்றார்.

மறுப்பதற்கு இடமே இல்லாதபடி அமைத்த வாதம். எனக்குத் தெரியவில்லை என்பதே குறைக்குச் சான்று என்றால், இந்த உலகில் எவர்மீதும் எதையும் நிரூபிக்கலாம். களைப்பாக இருந்ததால் விவாதிக்கவில்லை. என் தரப்பு நிலுவையில் இருக்கிறது.

29 மே, சனி

வீடு திரும்பினேன். கீழ் அறையில் கட்டில். தலை தெற்கே, கால் வடக்கே. சக்கர நாற்காலியில் உள்ளே வந்தது, பிரமுவின் மன அமைதிக்காக நான் அனுமதித்த ஏற்பாடு.

30 மே, ஞாயிறு

வீட்டில் கவனிப்பு குறைவு. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை, பதிவாக எழுதுகிறேன். பிற்பகல் முழுவதும் அறையில் தனியாகக் கிடந்தேன். பிரமுவின் குரல் அவ்வப்போது கேட்கிறது. "தண்ணி வேணுமா," "ஃபேன கொறைக்கவா," என்று. ஆளைக் காணவில்லை. அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள் என்று கொள்கிறேன்.

மாலையில் கேட்டேன். "இங்கே வந்து கொஞ்ச நேரம் உட்காரக் கூடாதா?"

"இங்கனதான உக்காந்திருக்கேன்! மத்தியானத்துல இருந்து இதே நாற்காலிலதான் இருக்கேன். டாக்டரம்மா இடப்பக்கமே இருந்து பேசச் சொல்லியிருக்காங்க. அப்பத்தான் நீங்க திரும்பப் பழகுவீங்களாம்."

அறையைப் பார்த்தேன். அலமாரி, கதவு, மருந்து மேசை. நாற்காலி எதுவும் என் பார்வைக்குக் கிடைக்கவில்லை. அவளும் களைத்திருக்கிறாள். வாதாடவில்லை.

இரவு உணவில் சோறும் ரசமும் மட்டும் இருந்தன. பொரியல் இல்லையா என்று கேட்டேன். தட்டைக் கையில் எடுத்துத் திருப்பி வைத்தாள். பொரியல் வந்தது. அவரைக்காய். கரண்டியில்லாமல் எப்படிப் பரிமாறினாள் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

2 ஜூன், புதன்

செய்தித்தாளின் தரம் இறங்கிவிட்டது. "அறிவித்தார்," "உயிரிழந்தனர்," "நீட்டிக்கப்படும்" என்று வரிகள் முடிகின்றன. அறிவித்தவர் யார், உயிரிழந்தவர் எவர் என்பதற்கு இடமே தரவில்லை. ஆசிரியருக்குக் கடிதம் எழுத உத்தேசம்.

4 ஜூன், வெள்ளி

சவரம் செய்துகொண்டேன். நானே. பிரமு பார்த்துவிட்டு, "பாதிக் காடு வெட்டுன மாதிரி இருக்கு," என்று ரேசரை வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளிச்சம் போதவில்லை என்பதே என் நிலை.

கூடவே இந்த டைரியைப் பற்றியும் ஒரு குறிப்பு. இந்த ஆண்டு பக்கங்களைக் குறுகலாக அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொற்களே கொள்கின்றன. பிரமு எட்டிப் பார்த்து, "அந்தப் பக்கம் பாதித் தாளு வெள்ளையாக் கெடக்கே, அதுல யாரு எழுதுவா?" என்றாள். பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். தாளின் விளிம்பு என்று நான் கொண்டதற்கு அப்பாலும் தாள் போய்க்கொண்டே இருந்தது போல் ஓர் எண்ணம். விரலின் உணர்வு ஆவணச் சான்றாகாது.

7 ஜூன், திங்கள்

ஜெசிந்தா வந்தாள். இரட்டை முகக்கவசம், கையில் பாத்திமா வழக்குக் கட்டு. "சார், ஹீரோ மாதிரி இருக்கீங்க," என்றாள். பொய் சாட்சியத்துக்கு அவளுக்கு நல்ல குரல் உண்டு.

ஆணையர் வரைபடத்தை எடுத்தேன். வடக்கு மேலே இருக்கும்படி விரித்தேன். மேலே தெரு. கீழே பாத்திமா வீடு. நடுவே ஆவுடையப்பன் வீடு. கிழக்கே மாநகராட்சித் தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான்.

"சந்து எங்கே?"

"இந்தா இருக்கு சார்." தாளில் எங்கோ அவள் விரல் போயிற்று. விரல் மறைந்தது.

"நீ காட்டுவது எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தில் இருந்தால் தெரிந்திருக்கும். இது மூலப் பிரதிதானா? நகல் எடுத்தபோது ஓரம் விடுபட்டதா?"

"சார்... முழுசாத்தான் இருக்கு. சிவப்புக் கோடு. பக்கத்துல முருங்கை மரம்னு எழுதியே இருக்கு."

"ஜெசிந்தா, கட்சிக்காரரின் ஆசை நம் கண்ணில் ஏறக் கூடாது."

அவள் பிரமு இருந்ததாகச் சொல்லப்படும் திசையைப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

8 ஜூன், செவ்வாய்

உறக்கம் மிகுதி. உறங்கி எழுந்தால் மறுபடி களைப்பு. எழுத ஒன்றும் இல்லை.

10 ஜூன், வியாழன்

பாத்திமா தொலைபேசியில் வந்தார். நலம் விசாரித்தார், எனக்காகத் துஆ செய்வதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, வழக்கின் நிலையை உள்ளபடி சொல்ல வேண்டியது என் கடமை என்பதால் சொன்னேன்.

"அம்மா, ஆணையர் வரைபடத்தில் சந்து இல்லை."

"என்ன வக்கீல் சார் சொல்லுதீங்க? அந்த ஆபீசர் டேப்ப புடிச்சு அளக்கும்போது மறுமுனைய நான்ல புடிச்சேன்!"

"நீங்கள் பிடித்தது உண்மையாக இருக்கலாம். தாளில் இல்லை."

"அப்ப நான் தெருவுக்கு எப்படி சார் வாரேன்? பறந்தா வாரேன்? நாளைக்கு நான் மவுத்தானா சந்தூக்குப் பெட்டிய எது வழியா எடுப்பாங்க? ஓட்டப் பிரிச்சு மேல தூக்குவாங்களா?"

அவரே குரலைத் தணித்துக்கொண்டார். "ஒடம்பு சரியில்லாத மனுசன்கிட்ட கத்துதேன். மன்னிச்சிருங்க சார். செங்கல்லு பக்கத்துல சிமிண்டு மூட்டையும் வந்து எறங்கிருச்சு. அதான் பயம்."

இரக்கம் வேறு, சான்று வேறு. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. அவர் எப்படித்தான் தெருவுக்கு வருகிறார்?

12 ஜூன், சனி

முடிவெடுத்துவிட்டேன். எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டும் முன் நாமே ஒப்புக்கொள்வது முறை. நீதிமன்றத்தில் இல்லாத வழியை இருப்பதாகச் சொல்லி நான் ஆணை பெற்றதில்லை, இனியும் பெறப்போவதில்லை. "தடை மனுவை வலியுறுத்தவில்லை" என்று நீதிமன்றத்துக்கு ஒரு குறிப்பாணை, அதாவது மெமோ, தயாரித்தேன். அது தாக்கலானால் தடை கிடைக்காது. சுவர் எழும். தெரிந்தே எழுதுகிறேன்.

ஜெசிந்தாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "சார், வக்காலத்துல ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுங்க. 21ஆம் தேதி நானே வாதாடிக்கிறேன்," என்றாள்.

ஒரு வழக்கறிஞர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டுத் தராமல் அவருடைய வழக்கை மற்றொருவர் எடுத்து நடத்த முடியாது. அந்தக் கையெழுத்தை நான் மிக அரிதாகவே போட்டிருக்கிறேன். போட்ட ஒவ்வொரு முறையும், கட்சிக்காரர் என்மீது நம்பிக்கை இழந்திருந்தார்.

"பாத்திமா கேட்கச் சொன்னாரா?"

"இல்ல சார். அவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அழுதுக்கிட்டே சொல்லுதாங்க. அதுதான் எனக்குத் தாங்கல."

மறுத்துவிட்டேன். குறிப்பாணையை 18ஆம் தேதி வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

14 ஜூன், திங்கள்

ஒரு சிறு விவகாரம். காலையில் போர்வைக்குள் ஒரு கை தட்டுப்பட்டது. குளிர்ந்து கனத்திருந்தது. "பிரமு, கையை எடு," என்றேன்.

"எங் கையா அது?"

"வேறு யாருடையது?"

அந்தக் கை தூக்கப்பட்டு என் கண்முன் வந்தது. விரலில் என் திருமண மோதிரம் இருந்தது.

"பாருங்க. இது ஆரு மோதிரம்?"

"என்னுடையது."

"அப்ப கை?"

"மோதிரம் இருக்கும் இடம் உரிமையை நிரூபிக்காது," என்றேன்.

அப்போது அவள் அழுதாள். எனக்குத் தெரிந்து, மருத்துவமனையில் அவள் அழவில்லை. "எனக்கு ஏலலங்க. கோர்ட்ல செயிச்சதெல்லாம் போதும். இந்தக் கையத் தேச்சு விட்டுத் தேச்சு விட்டு எங் கை விட்டுப்போச்சு. நீங்க என்னன்னா, அது ஒங்களோடதே இல்லங்கீங்க. நான் பக்கத்துல இருக்கும்போதே, எங்க போனேன்னு கேக்கீங்க. நான் ஆருகிட்ட போயி மனு போட?"

அழுகை ஒரு திசையிலிருந்து வந்தது. அத்திசையில் நோக்கினேன். மருந்து மேசை இருந்தது.

16 ஜூன், புதன்

மழை மேகம். மழை இல்லை. உடற்பயிற்சி. இட்லி.

17 ஜூன், வியாழன்

நாளை ஜெசிந்தா வருகிறாள். குறிப்பாணையில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தேன். திறந்து மூடிவிட்டேன். இடத்தைப் பார்க்காமல் கையெழுத்திடுவதில்லை என்பது என் வழக்கம். மேலப்பாளையம் போகும் நிலையில் நான் இல்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நினைவில் போனேன். நினைவும் ஒரு சாட்சிதான். விசாரித்துப் பார்த்தால் தவறில்லை.

முதலில் பாத்திமா வீட்டு வாசலில் தெருவைப் பார்த்து நின்றேன். முகம் வடக்கே. எதிரே ஆவுடையப்பன் வீட்டின் பின்சுவர், காரை உதிர்ந்தது. வலக்கைப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. அதன் ஏணியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். வேறொன்றும் இல்லை. சந்து இல்லை. குறிப்பாணை சரி.

ஆனால் ஒரு முனையில் பார்த்ததை மறுமுனையிலும் பார்க்க வேண்டும்.

தெருவுக்குப் போனேன். வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முகம் தெற்கே. எதிரே ஆவுடையப்பன் வீட்டு முன்கதவு, பச்சை நிறம். வலக்கைப் பக்கம் ஒரு சந்து. அதன் நடுவில் முருங்கை மரம். கிளை ஒன்று முறிந்து தொங்குகிறது. சந்தின் கடைசியில் பாத்திமா நின்று, "வாங்க சார், சேறு, பாத்து வாங்க," என்கிறார்.

கண்ணைத் திறந்தேன்.

மறுபடி மூடினேன். சந்தைப் பற்றி இப்போது கேட்கவில்லை. தெருவில் நின்றபடியே தண்ணீர்த் தொட்டியைத் தேடினேன். இல்லை. ஒரு தெருவுக்கே தண்ணீர் தரும் தொட்டி. தூண்கள் நான்கும் பனை உயரம். தெருவில் நின்று பார்த்தவருக்கு அது இல்லை. வாசலில் நின்று பார்த்தவருக்கு அது இருந்தது, சந்து இல்லை.

ஒரே சாட்சி, ஒரே நாளில், ஒரே இடத்தைப் பற்றி, இரண்டு வாக்குமூலங்கள். ஒன்றில் சந்தைக் காணோம். மற்றொன்றில் தொட்டியைக் காணோம். ஒவ்வொரு முறையும் காணாமற்போனது சாட்சியின் இடக்கைப் பக்கத்தில் இருந்தது.

வரைபடத்தை எடுத்தேன். தலைகீழாகத் திருப்பினேன். வலப்பக்கம் சிவப்புக் கோடு. அதன்மேல் தலைகீழ் எழுத்தில் "முருங்கை மரம்". தாளை நேராக வைத்தேன். கோடு இல்லை. மறுபடி திருப்பினேன். இருந்தது. எத்தனை முறை திருப்பினேன் என்று தெரியாது. தாளில் மாற்றம் இல்லை. ஆணையரிடம் பிழை இல்லை. ஜெசிந்தா எதையும் தொலைக்கவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். நான்கு எல்லையும் இல்லாத சொத்து விவரத்தை எந்தப் பதிவாளரும் ஏற்பதில்லை. மே 17 முதல் நான் எழுதிய ஒவ்வொரு விவரத்திலும் மூன்று எல்லைகளே இருந்திருக்கின்றன. நான் அதை முழுச் சொத்து என்று கையெழுத்திட்டு வந்திருக்கிறேன். பொரியல் தட்டில்தான் இருந்தது. செய்தித்தாள் குறையில்லாதது. டைரியின் பக்கம் குறுகலாக இல்லை.

இதை எழுதும்போதும் இடப்பக்கத்தில் எதுவும் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் அச்சம். தோன்றாது என்று டாக்டர் நர்மதா சொன்னார். அவருடைய வாதத்தை மறுக்க வழியில்லை என்று எழுதியிருந்தேன். மறுக்க வழியில்லாமற்போனது, அது உண்மையாக இருந்ததால்.

18 ஜூன், வெள்ளி

ஜெசிந்தா வந்தாள். குறிப்பாணையைக் கேட்கவில்லை, வாசலிலேயே நின்றாள். கிழித்துவிட்டதாகச் சொன்னேன். ஒரு கையால் தாளைக் கிழிக்க இயலாது என்பதால் பிரமுவைக் கிழிக்கச் சொன்னேன் என்பதே சரியான பதிவு.

"வக்காலத்தைக் கொண்டுவந்திருக்கிறாயா?"

"பையிலயேதான் இருக்கு சார். பன்னெண்டாந் தேதில இருந்து இருக்கு."

"கொடு. சாட்சி நம்பத்தக்கவர் அல்ல என்று தெரிந்த பின் அவரைக் கூண்டில் நிறுத்தக் கூடாது."

"எந்த சாட்சி சார்?"

"நான்."

அவள் தாளை என் முன் வைத்தாள். கையெழுத்துக்கான இடம் எனக்குத் தென்படவில்லை. கேட்கும் முன்பே தாளை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினாள். இடம் வந்தது. "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி, கீழே காந்திமதிநாதன் என்று முழுப் பெயரையும் போட்டேன்.

பிரமுவின் குரல்: "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொன்ன எதையாவது இந்த மனுசன் ஒத்துக்கிட்டிருப்பாரா? கடேசில அவரே அவரக் குறுக்கு விசாரணை பண்ணித் தோக்கடிச்சாத்தான் உண்டு."

"ஆன்ட்டி, சாரு செயிச்சிட்டாருன்னுதான் சொல்லணும்."

"ஆமா, பெரிய செயிப்பு. காப்பி குடிக்கியா?"

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முகக்கவசத்தால் ஆவி படிந்தது என்றாள். அதைப் பதிவு செய்துகொள்கிறேன், ஏற்கவில்லை.

21 ஜூன், திங்கள்

காணொலி விசாரணை. ஜெசிந்தா தன் வீட்டிலிருந்து வாதாடினாள். கைபேசியை என் வலப்பக்கத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள் பிரமு. நடுவில் யாரோ ஒரு வழக்கறிஞர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மைக்கை அணைக்கும்படி நீதிபதி சொன்னார்.

எதிர்த்தரப்பு, சந்து என்பது அனுமதியின் பேரில் நடந்த வழியே என்றது. ஜெசிந்தா அவசரப்படவில்லை. ஆணையர் அறிக்கையைப் படித்தாள். பிறகு வரைபடத்தைத் திரையில் காட்டி, "வாதி வீட்டின் மற்ற மூன்று எல்லைகளையும் நீதிமன்றம் பார்வையிடக் கோருகிறேன். மூன்றிலும் சுவர். மேற்கில் மட்டுமே வழி. மேற்கு இல்லையென்றால் வாதிக்கு வெளியுலகம் இல்லை," என்றாள். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அல்ல. நான் எழுதியிருந்தால் இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

வழக்கு முடியும்வரை சந்தை மறிக்கக் கூடாது என்று ஆணை.

பாத்திமா அழைத்தார். "சார், ஆணைய வாசல்ல நின்னு சத்தமா வாசிச்சேன். ஆவுடையப்பன் பொண்டாட்டி சன்னல சாத்திட்டா." சிரித்தார். பிறகு, "நீங்க நடக்க ஆரம்பிச்சதும் மொத நடை நம்ம சந்துலதான் சார். சேத்துக்கு ஜல்லி போட்டு வைக்கேன்," என்றார். நடப்பேனா என்பது பற்றி மருத்துவர் இன்னும் கருத்துச் சொல்லவில்லை. பாத்திமாவிடம் அதைச் சொல்லவில்லை.

மதியம் வீடு அமைதியாக இருந்தது. களைப்பு. எனினும் ஒரு காரியம் பாக்கியிருந்தது.

படுத்திருக்கும் இடத்தின் சொத்து விவரத்தை மனத்தில் எழுதிப் பார்த்தேன். தெற்கே சுவர். வடக்கே அலமாரி. கிழக்கே மருந்து மேசை, கதவு. மேற்கு எனக்குத் தெரியாது. தெரியாத எல்லையை வெற்றிடமாக விடக் கூடாது. விசாரித்து எழுத வேண்டும்.

"பிரமு," என்றேன்.

தலையைத் திருப்பினேன். திருப்பிவிட்டேன் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றியது. அதை நம்பாமல் மேலும் திருப்பினேன். கழுத்து வலித்தது. அறை முடிந்துவிட்டது என்று நான் கொண்ட இடத்தில் ஒரு சன்னல் இருந்தது. சன்னலுக்குக் கீழே ஒரு புடவைக் கரை, அரக்கு நிறம். அதன்மேல் ஒரு கை. உள்ளங்கையில் எண்ணெய்ப் பளபளப்பு. அதற்கு மேல் அவள்.

மருத்துவர் சொன்ன இடத்தில் நாற்காலியைப் போட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். காதோர நரை கூடியிருக்கிறது. அவள் மடியில், அவளுடைய மற்றொரு கைக்குள், மோதிரம் போட்ட ஒரு கை இருந்தது.

அந்தக் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அவளை எழுப்பவும் இல்லை.